சர்க்கஸ் கூடாரத்தில் காட்டு மிருகங்கள்: தடை நியாயமானதா?

யானையிறவு என்ற பெயர் எப்படி வந்ததென்று பிள்ளைகள் கேட்டால் நாம் ஒரு கதை சொல்லுவோம். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகளை இந்த நீர்ப்பரப்பைக் கடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டு வந்தார்கள் என்போம். அது வெறுங் கதையன்று. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அந்த யானைகள் யாழ்ப்பாணத்திலே விலைகூறப்பட்டு, ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றப்பட்டு, இந்திய அரசர்களிடம் போய்ச் சேர்ந்தன. போருக்கும் பாரஞ் சுமக்கவும் பவனிக்கும் போன யானைகள் அவை. பிற்காலத்தில் இலங்கை யானை வேறொரு தொழிலுக்காகவும் ஏற்றுமதியாயிற்று என்பதைப் பலர் அறியார். ஐரோப்பிய நகரங்களில் சர்க்கஸ் கூடாரத்துள் முக்காலியில் ஏறி உட்கார்ந்து, முன்னங்கால்களைத் தூக்கிக் காட்டுவதே அந்தத் தொழில்.

காட்டு மிருகங்களைச் சர்க்கஸில் ஆட்டுவிப்பதைச் சட்டத்தினால் தடைசெய்ய வேண்டுமா என்ற விவாதம் சில நாடுகளில் முடிந்துவிட்டது. சிலவற்றில் இன்னும் நடக்கிறது. பொலிவியா 2009இலேயே காட்டு மிருகம், வீட்டு மிருகம் இரண்டையும் சர்க்கஸிலிருந்து விலக்கிவிட்டது. பிரான்ஸ் தேசம் 2021இல் சட்டமியற்றி, ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ்களுக்கு 2028 வரை தவணை கொடுத்தது. நமக்கும் இந்த விவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். இங்கிலாந்தில் இவ்விவாதம் உச்சக்கட்டத்தை அடையக் காரணமான யானை இலங்கைக் காட்டிலே பிறந்தது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வாய்பிளந்து பார்த்த சர்க்கஸ்களோ இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவை. ஆகவே இந்த இரண்டு நாடுகளிலும் என்ன நடந்ததென்று பார்ப்பது பயனுள்ளது.

குதிரைக்கு வகுத்த வட்டம்

இன்று நாம் அறிந்த சர்க்கஸ் ஆரம்பத்தில் குதிரைக் காட்சியாகவே இருந்தது. பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாட் குதிரைப்படை வீரர் 1768இல் இலண்டனில் அதைத் தொடங்கினார். குதிரை வட்டமாக ஓடினால் அதன் முதுகில் நிமிர்ந்து நிற்பது எளிது என்பதை அவர் அறிந்திருந்தார். வட்டத்தின் விட்டம் 42 அடி என்று அவர் காலத்திலே நிலைபெற்றது. உலகெங்கும் சர்க்கஸ் வளையத்துக்கு இன்றுவரை அதுவே அளவு. ஓடுகின்ற குதிரைக்கு அது பொருந்தும். சிங்கமும் புலியும் யானையும் அந்த வளையத்துக்குள் பெருவாரியாக வந்தது 19ஆம் நூற்றாண்டிலேதான். நாளொன்றுக்குப் பல மைல் நடந்து, பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் மேய்ந்து திரிகின்ற மிருகத்துக்கு 42 அடி என்ன கணக்கு?

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழக்கிய மிருகம் ஒன்று, வீட்டு மிருகம் இன்னொன்று. நாயும் மாடும் குதிரையும் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் மனிதனோடு வாழ்ந்து, உடலாலும் குணத்தாலும் அவனுக்கு இணங்கிப் போனவை. யானையை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிடித்துப் பழக்கி வந்தான். ஆயினும் வீட்டு யானை என்றொரு சாதி உண்டாகவில்லை. ஒவ்வொரு யானையையும் புதிதாகவே அடக்க வேண்டும். கூட்டிலே பிறந்து போத்தற்பாலிலே வளர்ந்த புலிக்குட்டியும் புலியே. சட்டங்கள் “காட்டு மிருகம்” என்று பிரித்துப் பேசுவதன் காரணம் இதுதான்.

அந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே பெரிய மிருக வியாபாரி என்று பேர் பெற்றவர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக். அவருடைய தந்தைவழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலே குடியிருந்து வியாபாரம் நடத்தினார். 1880களில் இவர்கள் இலங்கையிலிருந்து யானைகளை மட்டும் கொண்டுபோகவில்லை, மனிதரையுங் கொண்டுபோனார்கள். இலங்கை ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஐரோப்பிய நகரங்களில் வேலிக்குள்ளே நிறுத்தப்பட்டார்கள். பார்ப்பதற்கு மக்கள் காசு கொடுத்தார்கள். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் ஜோன் ஹாகன்பெக் 1920களின் இறுதியில் தொடங்கிய மிருகச் சேகரிப்பிலிருந்து பிறந்ததே. அவரது கம்பனி முறிந்த பின் 1936இல் அரசாங்கம் அதனை ஏற்றது.

இதே கார்ல் ஹாகன்பெக்குக்கு இன்னொரு பேரும் உண்டு. அவருக்கு முன்னிருந்தோர் சவுக்காலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாலும் சிங்கத்தை அச்சுறுத்திப் பழக்கினார்கள். அவரோ ஒவ்வொரு மிருகத்தின் குணத்தையும் பார்த்துத் தெரிந்தெடுத்து, செய்ததற்கு ஓர் இறைச்சித் துண்டு கொடுத்து, பொறுமையாகப் பழக்கும் முறையைப் பரப்பினார். “நாங்கள் அடிப்பதில்லை, அன்பால் பழக்குகிறோம்” என்று சர்க்கஸ்காரர் சொல்லுவது அந்தக் காலத்திலிருந்து வருகிறது. அதை வெறும் பொய்யென்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. மிருகத்தின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்து, அதற்கு நோய் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்த பாகர் எத்தனையோ பேர். அப்படியிருக்க, விவாதத்தின் மையக் கேள்வி இதுதான்: அன்பாக நடத்தினால் அது போதுமா?

ஆன் என்ற யானை

1950களில் இலங்கையிலே பிடிபட்ட ஒரு பெண்யானைக் குட்டி பிரித்தானியாவிலுள்ள சர்க்கஸ் குடும்பமொன்றுக்கு விற்கப்பட்டது. அதற்கு ஆன் என்று பெயரிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது அந்தக் குடும்பத்துடனே ஊர் ஊராகச் சென்றது. கூட இருந்த மற்ற யானைகள் ஒவ்வொன்றாக இறந்துபோக, ஆன் தனித்தது. பெண்யானை காட்டில் ஒருநாளும் தனித்து வாழ்வதில்லை. தாய், தமக்கை, சிறியதாய் என்று ஒரு குடும்பத்துக்குள்ளே பிறந்து அதற்குள்ளேயே முதிர்ந்து சாகும் பிராணி அது. மூட்டுவாதத்தால் காலை மடக்க முடியாத முதுமையிலும் ஆன் சங்கிலியிலே நின்றது.

2011 மார்ச் மாதம், கொட்டிலுக்குள் இரகசியமாக எடுக்கப்பட்ட படம் வெளியாயிற்று. வேலைக்காரன் ஒருவன் அந்தக் கிழட்டு யானையை மீண்டும் மீண்டும் அடிப்பதைப் பிரித்தானிய மக்கள் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலே கண்டார்கள். ஏப்ரல் மாதத்தில் ஆன், வில்ற்ஷயரிலுள்ள லோங்லீற் என்ற வனவிலங்குப் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது. உரிமையாளர் 2012இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். அடித்தவர் அவரல்லர், தன் கூரையின் கீழ் நடந்ததைத் தடுக்காததே அவர் மீதான குற்றம்.

அடி கொடுமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அடிக்காத சர்க்கஸை என்ன செய்வது என்பதிலேதான் பிரித்தானிய அரசாங்கம் பல வருடம் தடுமாறியது. 2007இல் ஓர் அறிஞர் குழு இதனை ஆராய்ந்து, சர்க்கஸ் மிருகங்களின் நலன் மற்ற இடங்களில் அடைபட்ட மிருகங்களின் நலனிலும் மோசமானது என்று நிறுவப் போதிய விஞ்ஞானச் சான்று இல்லையென்று சொல்லிவிட்டது. அதன் பின் அரசாங்கம் மக்களிடம் அபிப்பிராயம் கேட்டபோது, பதிலளித்தவர்களில் 94 வீதத்துக்கு மேற்பட்டோர் தடையை விரும்பினார்கள். 2011 ஜூன் 23இல் பாராளுமன்றத்தின் மக்கள் சபையும் தடை வேண்டுமென்று தீர்மானித்தது. அரசாங்கமோ வழக்குக்கு அஞ்சி, முதலில் அனுமதிப்பத்திர முறையொன்றைக் கொண்டுவந்து காலத்தைப் போக்கியது.

ஈற்றில் இங்கிலாந்துக்கான தடைச் சட்டம் 2019இல் நிறைவேறி, 2020 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்கொட்லாந்து ஓர் ஆண்டு முந்திக்கொண்டது. வேல்ஸ் 2020இல் தொடர்ந்தது. சட்டம் வந்த வேளையில் இங்கிலாந்திலே அனுமதி பெற்ற சர்க்கஸ்கள் இரண்டு. அவற்றிடமிருந்த காட்டு மிருகங்கள் மொத்தம் 19: கலைமான், வரிக்குதிரை, ஒட்டகம், ரக்கூன், ஒரு நரி, ஒரு பெரிய கிளி, ஒரு திமில் மாடு. சிங்கமுமில்லை, யானையுமில்லை. பத்தொன்பது பிராணிகளுக்காகவா ஒரு பாராளுமன்றம் இவ்வளவு பாடுபட்டது என்று சிலர் சிரித்தார்கள்.

சிரிப்பதற்கு இடமுண்டு. ஆயினும் அந்தச் சட்டம் எதன்மேல் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அடி விழுந்ததென்று நிரூபித்து அது இயற்றப்படவில்லை. விஞ்ஞானச் சான்று முடிவாகக் கிடைத்ததென்றும் சொல்லவில்லை. காட்டுக்குரிய ஒரு சீவனை லொறியில் ஏற்றி இறக்கி, வேடிக்கைக்காக அதன் இயல்புக்கு மாறானவற்றைச் செய்விப்பது முறையன்று என்ற ஒழுக்க நியாயத்தையே அரசாங்கம் அடிப்படையாகக் காட்டியது. வதைத்தாயா என்று கேட்பது பழைய சட்டம். இதைச் செய்ய உனக்கு என்ன தேவை என்று கேட்பது புதியது.

விஞ்ஞானம் ஒன்றும் சொல்லவில்லை என்று இதற்குப் பொருளில்லை. கட்டி நிற்கும் யானை தலையையும் துதிக்கையையும் இடமும் வலமுமாக ஓயாது ஆட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். “பாட்டுக்கு ஆடுகிறது” என்று பிள்ளைகளுக்குக் காட்டியும் இருப்போம். கூட்டுப்புலி ஒரே தடத்தில் போவதும் வருவதும் அதைப் போன்றதே. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அடைபட்ட மிருகத்தின் மனநோய் அது என்று அறிஞர் கண்டிருக்கிறார்கள். கோயில் வாசலிலும் பெரஹராவிலும் நிற்கும் யானையைப் பற்றிய கேள்வி வேறு. அதனை அந்தந்தச் சமயத்தவரே தம் மனச்சாட்சியோடு பேசிக்கொள்ளட்டும்.

ஆன் லோங்லீற்றிலும் வேறு யானைத் துணையின்றியே வாழ்ந்தது. அதற்கென விசேடமாகக் கட்டிய இடம், நல்ல வைத்தியம், சங்கிலி இல்லை. ஐம்பது வருடம் பிந்திக் கிடைத்த விடுதலை அவ்வளவுதான் கொடுத்தது.

“வேலையிலும் ஓய்விலும்”

திருச்சபையின் போதனை இங்கே எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்கும் கத்தோலிக்கருக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் மிருகங்களை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. மனிதனின் வேலைக்கு மட்டுமன்றி ஓய்வுப் பொழுதுக்குந் துணையாக அவற்றைப் பழக்கலாம் என்றும் சொல்லுகிறது. சர்க்கஸ் முதலாளி இந்த இடத்தோடு நூலை மூடிவிடலாம். அடுத்த பந்தியோ, தேவையின்றி மிருகங்களைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே விரோதம் என்கிறது. அதே பந்தி, மனிதத் துயரைத் தீர்க்கச் செல்ல வேண்டிய பணத்தை மிருகங்கள்மேல் கொட்டுவதும் தகாது என்று மறுபக்கத்தையும் இறுக்குகிறது. நாயை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஏழையை விரட்டுகிறவர்களும் இதை வாசிக்கத்தான் வேண்டும்.

ஆக, எல்லாம் “தேவை” என்ற சொல்லிலே தங்கியிருக்கிறது. உழவுக்கு எருது தேவை. பட்டினிக்கு இறைச்சி தேவை. யானை தலைகீழாக நிற்பது யாருடைய தேவை? புனித தோமஸ் அக்குவினாஸ் மிருகத்துக்குக் காட்டும் கொடுமை மனிதர்மேற் காட்டுங் கொடுமைக்கு மனதைப் பழக்கும் என்று கருதினார். அவருக்கு ஆயிரம் வருடத்துக்கு முன் உரோமரின் களியாட்டங்களைக் கண்டித்தெழுதிய தெர்த்துல்லியனின் கவலையும், காட்சி பார்ப்பவனின் ஆன்மாவுக்கு என்ன நேருகிறது என்பதே. கூடாரத்துள் கைதட்டும் குழந்தை யானையைப் பற்றி எதைக் கற்றுக்கொள்கிறது என்று இன்று கேட்பவர்களும் ஒருவகையில் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் திருச்சபை சர்க்கஸ்காரரை விரோதிகளாகக் கண்டதில்லை. நிலையான ஊரும் பங்கும் இல்லாத அந்த மக்களுக்கென வத்திக்கான் தனியான மேய்ப்புப் பணியை நடத்தி வந்திருக்கிறது. 2016 ஜூன் மாதம் அவர்கள் உரோமைக்குத் திருயாத்திரை வந்தபோது, ஒரு புலிக்குட்டியையும் கொண்டுவந்தார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் அதனைத் தடவிக் கொடுத்தார். முந்திய ஆண்டில், படைப்பனைத்தையும் பேணும்படி உலகுக்குச் சுற்றுமடல் எழுதியவர் அவரே. சிலர் அதைக் குறை கூறினார்கள். எமக்கோ அதில் முரண்பாடு தோன்றவில்லை. புலியைக் கொண்டுவந்த மனிதரை அவர் முதலில் பார்த்தார் என்றே கொள்கிறோம்.

தலச்சேரியின் தொழில்

அந்த மனிதரைப் பற்றிய கேள்வி இந்தியாவிலே இங்கிலாந்தைவிடக் கூர்மையாக எழுந்தது. ஏனெனில் அங்கே சர்க்கஸை நம்பியிருந்தவர்கள் இரண்டு குடும்பங்களல்லர். மராட்டியத்து விஷ்ணுபந்த் சத்திரே 1880இல் பம்பாயில் முதல் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். வித்தைக்காரரைப் பயிற்றியெடுத்தது மலையாளக் கரையிலுள்ள தலச்சேரி. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசிரியர் அங்கே களரியும் உடற்பயிற்சியும் கற்பித்துத் தலைமுறைகளை உருவாக்கினார். 1951இல் பிறந்த ஜெமினி சர்க்கஸ் வரை பெரிய கம்பனிகளை நடத்தியவர்களும் அவற்றில் ஆடியவர்களும் அநேகர் அந்த வட்டாரத்தவரே.

இந்தியாவின் மிருகவதைத் தடைச் சட்டம் 1960இல் வந்தது. அதற்கு வழிகோலியவர் நம் நாட்டு நடன ஆசிரியைகள் பலர் பயின்ற கலாக்ஷேத்திராவைத் தாபித்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக 1950களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதன் வித்து. குறித்த ஒரு மிருகத்தை வேடிக்கைக்குப் பழக்கவோ காட்டவோ கூடாதென்று அறிவிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு மத்திய அரசுக்குக் கொடுத்தது.

மத்திய அரசு 1991இல் அப்படி அறிவித்தபோது சர்க்கஸ் முதலாளிகள் நீதிமன்றம் சென்றார்கள். பட்டியலில் முதலில் நாயும் இருந்தது, பின்னர் எடுக்கப்பட்டது. மீளாய்வுக்குப் பின் 1998 ஒக்டோபரில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தும் விலக்கப்பட்டன. விரும்பிய தொழிலைச் செய்ய அரசியலமைப்புத் தந்த உரிமை பறிபோகிறது என்று முதலாளிகள் வாதாடினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000 ஜூன் மாதம் அதை ஏற்கவில்லை. மனிதருக்கு அடிப்படை உரிமை உண்டென்றால் மிருகத்துக்கு ஏன் இல்லை என்றுகூட அந்த மன்று வினவியது. (உரிமை என்ற சொல் மிருகத்துக்குப் பொருந்துமா என்று தத்துவ வகுப்பில் நீண்ட நேரம் வாதிடலாம். அதற்கு உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்குக் கடமை இருக்கிறது. எமக்கு அவ்வளவே போதும்.) 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. யானை மட்டும் அந்த ஐந்தில் இல்லை. வேலைக்கும் விழாவுக்கும் பழகிய மிருகமென்று அதற்குமேலும் பல வருடம் வளையத்துக்குள் நின்றது.

தீர்ப்பு வந்ததும் நூற்றுக்கணக்கான சிங்கங்களும் புலிகளும் எங்கே போவது? காட்டிலே விட்டால் வேட்டையாடத் தெரியாது. மனிதரைக் கண்டு அஞ்சவுந் தெரியாது. சிங்கங்களிற் பல ஆபிரிக்க இனமும் இந்திய இனமும் கலந்து பிறந்தவை. கிர் வனத்துச் சிங்கங்களோடு அவற்றைச் சேர்க்க முடியாது. ஆகவே சென்னை வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பெங்களூர் பன்னேர்கட்டா முதலிய இடங்களில் மீட்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே அவை இனம் பெருக்க விடப்படவில்லை. ஆயுள் முடியுமட்டும் அரசாங்கம் இறைச்சி போட்டது. தடை கேட்டுக் கோஷமிடுவது ஒருநாள் வேலை. கிழட்டுச் சிங்கத்துக்குத் தினமும் பல கிலோ இறைச்சி கொடுப்பது பதினைந்து வருட வேலை.

மிருகம் போனதும் சர்க்கஸுக்கு மிஞ்சியது மனித உடல். ஊஞ்சலும் கம்பியும் வளையமும் தொழிலைத் தாங்க வேண்டியதாயிற்று. அதற்கு வளையும் எலும்புள்ள சின்னஞ் சிறுவரைச் சேர்ப்பது பழைய வழக்கம். நேபாளத்து ஏழைக் கிராமங்களிலிருந்து சிறுமிகளைத் தரகர் கொண்டுவந்து ஒப்பந்தத்தில் விட்டார்கள். இதற்கெதிரான மனு 2006இல் தாக்கலாகி, 2011 ஏப்ரல் 18இலே சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்து அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கட்டளையிட்டது. புலிக்கு நீதி கிடைத்தது 2001இல். அதே கூடாரத்தில் படுத்துறங்கிய பிள்ளைக்குப் பத்து வருடம் பிந்தி. புலிக்காக வாதாடியவர்களை இதற்காகக் குறை சொல்வது தவறு. அவர்கள் தம் வேலையைச் செய்தார்கள். அந்தப் பத்து வருடமும் சீட்டு வாங்கி உள்ளே போன குடும்பங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தன என்பதே எமக்குப் புரியவில்லை.

தொழில் சரிந்தது. கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடாரத்தைச் சுருட்டின. மிருகத் தடை மட்டுமே காரணமென்று சொல்ல முடியாது. தொலைக்காட்சி வந்தது, நகரங்களில் கூடாரமடிக்க வெறுங்காணி அருகிவிட்டது, வாடகை ஏறியது. அமெரிக்காவின் பேர்பெற்ற ரிங்லிங் சர்க்கஸும் 2016இல் யானைகளை நிறுத்திய பின் சீட்டு விற்பனை வீழ்ந்து 2017 மே மாதத்தில் மூடியது. அவர்களிடம் முதல் இருந்தது; 2023இல் ஒரு மிருகமும் இல்லாமல் மீண்டும் காட்சி தொடங்கினார்கள். தலச்சேரியில் கேரள அரசு 2010இல் ஒரு சர்க்கஸ் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கியது. அது சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.